சென்னையிலிருந்து லண்டன்: தூரம் ஒன்று, பயண நேரம் மட்டும் ஏன் பலவாக இருக்கிறது?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக இப்படிப் புரிந்துகொள்கிறேன். உங்கள் அம்மா ஜூன் மாதத்தில் சென்னையிலிருந்து லண்டனுக்கு நேரடி விமானத்தில் போகிறார், நவம்பரில் திரும்புகிறார். போகும் பயணச்சீட்டில் காலை 5.30-க்குப் புறப்பாடு, அன்றே பகல் 12 மணிக்கு வருகை என்று இருக்கிறது. திரும்பும் சீட்டில் பகல் 1.15-க்குப் புறப்பாடு, மறுநாள் காலை 4.45-க்கு வருகை என்று இருக்கிறது. கழித்துப் பார்த்தால் போவதற்கு ஆறரை மணி நேரமும் வருவதற்குப் பதினைந்தரை மணி நேரமும் வருகின்றன. இணையத்தில் தேடினால் ஓரிடத்தில் 9 மணி 40 நிமிடம் என்றும், இன்னோரிடத்தில் 11 மணி நேரம் என்றும் போட்டிருக்கிறது. தூரத்துக்கும் 8,230, 5,115, 4,445 என்று மூன்று எண்கள் கிடைக்கின்றன. இவற்றில் எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் நேரடியான விடை: தூரம் ஏறக்குறைய 8,230 கிலோமீட்டர். உங்கள் அம்மா போகும்போது விமானத்தில் இருக்கப்போவது 11 மணி நேரம்; திரும்பும்போது 10 மணி நேரம். நீங்கள் பார்த்த எண்களில் அப்பட்டமான தவறு என்று எதுவும் இல்லை. ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்கான விடை, அவ்வளவுதான். நான் பல ஆண்டுகள் பயணச்சீட்டு முன்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்தவன். முதன்முறை வெளிநாடு போகிறவர்களின் பிள்ளைகள் அநேகமாக எல்லோரும் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு இதே கழித்தலைச் செய்துவிட்டுத்தான் வந்து கேட்பார்கள்.

தூரத்தின் மூன்று எண்களும் ஒரே நீளத்தை மூன்று அளவுகோல்களால் அளந்தவை. 8,230 என்பது கிலோமீட்டர். 5,115 என்பது சாதாரண மைல். 4,445 என்பது விமானிகளும் மாலுமிகளும் பயன்படுத்தும் கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். இவற்றிலும் பத்து இருபது கிலோமீட்டர் முன்பின்னாகச் சில தளங்கள் காட்டும். பூமியை முழுக்கோளமாகக் கொண்டு கணக்கிட்டார்களா, துருவங்களில் சற்றுத் தட்டையானதாகக் கொண்டார்களா என்பதும், நகரத்தின் மையத்திலிருந்து அளந்தார்களா, விமான நிலையத்திலிருந்து அளந்தார்களா என்பதும் அதற்குக் காரணம். ஹீத்ரோ விமான நிலையமே லண்டன் மையத்துக்கு மேற்கே இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டால் அந்த வேறுபாட்டுக்கு யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியது வேறொன்று. இந்த 8,230 கிலோமீட்டர் என்பது பூமியின் வளைந்த பரப்பில் இரண்டு இடங்களுக்கும் இடையே இருக்கக்கூடிய மிகக் குறுகிய வழியின் நீளம். பெருவட்டப் பாதை என்று அதைச் சொல்வார்கள். வீட்டில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்து, ஒரு முனையைச் சென்னையிலும் மறுமுனையை லண்டனிலும் வைத்து இழுத்துப் பிடித்துப் பாருங்கள். சென்னையில் நூல் வடமேற்காகக் கிளம்பும். கர்னூல் பக்கமாகப் போய், மகாராட்டிரத்தைத் தாண்டி, கட்ச் பாலைநிலத்தை ஒட்டிச் சிந்து மாகாணத்துக்குள் நுழையும். அங்கிருந்து பலுசிஸ்தான், ஈரானின் கிழக்குப் பகுதி, காஸ்பியன் கடல், பாகூ நகரத்தின் அருகாமை, காக்கேசிய மலைகள், தெற்கு ரஷ்யா, உக்ரைனின் தென்பகுதி, போலந்தின் கிராக்கோ, ஜெர்மனியின் நடுப்பகுதி என்று போய் லண்டனைத் தொடும். இதில் எனக்கு எப்போதும் வியப்பளிப்பது, நூல் லண்டனை வந்தடையும் கோணம். அது ஏறக்குறைய நேர் கிழக்கிலிருந்து வந்து சேர்கிறது. அதாவது ஹீத்ரோவிலிருந்து திசைகாட்டி காட்டும் சரியான கிழக்கை நோக்கிக் கிளம்பி, இடம் வலம் திரும்பாமல் நேராகவே போய்க்கொண்டிருந்தால், கடைசியில் வந்து சேரும் இடம் நம் மீனம்பாக்கத்துக்கு வெகு அருகில்தான் இருக்கும். தட்டையான வரைபடத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதை நம்புவது கடினம்.

அந்தத் தட்டை வரைபடத்தில், பள்ளிச் சுவரில் தொங்குமே அதில், அடிக்கோலை வைத்து ஒரு கோடு கிழித்தால் வேறொரு பாதை கிடைக்கும். அது அரபிக்கடலைக் கடந்து, ஓமன் வளைகுடா, குவைத், சிரியா, துருக்கி, பால்கன் நாடுகள், ஆல்ப்ஸ் மலை வழியாகப் போகும். கணக்கிட்டுப் பார்த்தால் அதன் நீளம் ஏறத்தாழ 8,480 கிலோமீட்டர். பெருவட்டப் பாதையைவிட 250 கிலோமீட்டர்தான் கூடுதல். இந்த விவரம் வெறும் வேடிக்கைக்காக அன்று, கீழே தேவைப்படும்.

இனி நேரம். கடிகாரக் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுவோம். பயணச்சீட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரம். வந்துசேரும் நேரம் வந்துசேரும் ஊரின் நேரம். உலகம் முழுக்க எல்லா நிறுவனங்களும் இப்படித்தான் அச்சிடுகின்றன. இந்திய நேரம் கிரீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. ஆண்டு முழுவதும் அது மாறுவதில்லை. பிரிட்டனில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொள்கிறார்கள். ஆகவே கோடையில் இரு ஊர்களுக்கும் இடைவெளி நாலரை மணி நேரம். குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரம். உங்கள் அம்மா ஜூனில் காலை 5.30-க்குக் கிளம்பும்போது லண்டன் கடிகாரம் நள்ளிரவு தாண்டி 1 மணியைக் காட்டும். அங்கிருந்து பகல் 12 வரை எண்ணினால் 11 மணி நேரம். நவம்பரில் லண்டனில் பகல் 1.15 என்றால் சென்னையில் மாலை 6.45, அதிலிருந்து மறுநாள் காலை 4.45 வரை 10 மணி நேரம்.

போகும் கழித்தலையும் வரும் கழித்தலையும் கூட்டிப் பாதியாக்கினால் நேர வேறுபாடு தானாக அடிபட்டுப் போய்விடும் என்று ஒரு குறுக்குவழி உண்டு. நல்ல வழிதான். ஆனால் இரண்டு பயணங்களும் ஒரே பருவத்தில் இருந்தால்தான் அது பலிக்கும். உங்கள் கணக்கில் ஆறரையும் பதினைந்தரையும் கூட்டிப் பாதியாக்கினால் 11 வருகிறது. உண்மையான சராசரி பத்தரை. இடையில் லண்டன் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னுக்குப் போனதுதான் அந்த அரை மணி நேரப் பிழைக்குக் காரணம். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், முந்தைய கோடையில் தாம் போய்வந்த நினைப்பில், நவம்பர் தொடக்கத்தில் போன மனைவியின் வருகை நேரத்தை நாலரை மணி நேர வேறுபாட்டை வைத்து மனக்கணக்காகவே மகனுக்குச் சொல்லிவிட்டார். மகன் 12 மணிக்கு வந்திருக்கிறார். விமானமோ 11 மணிக்கே இறங்கிவிட்டது. கையில் அந்நாட்டுத் தொலைபேசி எண் இல்லாத அந்த அம்மையார் வருகைக் கூடத்தில் இரண்டு பெட்டிகளோடு அவ்வளவு நேரமும் நின்றுகொண்டே இருந்திருக்கிறார். சீட்டில் அச்சிட்ட நேரத்தை அப்படியே படித்துச் சொல்லியிருந்தால் போதும்.

அடுத்து, இணையத்தில் கிடைக்கும் 9 மணி 40 நிமிடம். தூரம் காட்டும் தளங்களில் பெரும்பாலானவை விமான அட்டவணையைப் பார்ப்பதே இல்லை. 8,230 கிலோமீட்டரை மணிக்கு 900 கிலோமீட்டர் என்ற வேகத்தால் வகுத்தால் 9 மணி 9 நிமிடம் வரும். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் என்று அரை மணி நேரத்தைச் சேர்த்தால் நீங்கள் பார்த்த எண் வந்துவிடும். வேகத்தை 800 என்று வைத்துக்கொண்ட தளம் 10 மணி 47 நிமிடம் என்று காட்டும். இவை வகுத்தல் கணக்கின் விடைகள். உண்மையில் நடப்பது மூன்று இடங்களில் இந்தக் கணக்கிலிருந்து விலகுகிறது: விமானம் அந்தக் குறுகிய வழியில் பறப்பதில்லை, காற்று அசையாமல் நிற்பதில்லை, அட்டவணையில் இருக்கும் நேரம் வானத்தில் இருக்கும் நேரம் மட்டுமன்று.

பாதையை எடுத்துக்கொள்வோம். மேலே நூல் போன வழியில் இருந்த நாடுகளின் பெயர்களை மறுபடி ஒருமுறை படியுங்கள். 2022 பிப்ரவரி 24 அன்று போர் தொடங்கியதிலிருந்து உக்ரைன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டுவிட்டது. மறுநாளே ரஷ்யா, பிரிட்டிஷ் விமானங்கள் தன் வான்வெளிக்குள் வரக்கூடாது என்று தடை விதித்தது. பிரிட்டன் ரஷ்ய விமானங்களைத் தடுத்ததற்கான பதிலடி அது. ஈரானில் 2020 ஜனவரி 8 அன்று தெஹ்ரானிலிருந்து கிளம்பிய உக்ரைன் பயணிகள் விமானம் ஏவுகணையால் வீழ்த்தப்பட்ட பிறகு, ஐரோப்பிய நிறுவனங்கள் பலவும் அந்த வானத்தைத் தவிர்க்கத் தொடங்கின. பாகிஸ்தான் 2019-இல் பிப்ரவரி இறுதியிலிருந்து ஜூலை 16 வரை இந்தியாவை ஒட்டிய வான்வழிகளை மூடி வைத்திருந்தது. 2025 ஏப்ரல் 24 அன்று இந்திய நிறுவனங்களின் விமானங்களுக்கு மட்டும் தடை விதித்து, பிறகு அதை மாதாமாதம் நீட்டித்தது. சென்னை லண்டன் நேரடிச் சேவையை நடத்தும் பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு இந்தக் கடைசித் தடை பொருந்தாது. டெல்லியிலிருந்து ஐரோப்பா போகும் இந்திய விமானங்களுக்கோ அது பெரிய சுற்று. ஆக, உலக உருண்டையில் நாம் இழுத்துப் பிடித்த நூலின் நடுப்பகுதியில் பெரும்பங்கு இப்போது பறக்க முடியாத, அல்லது பறக்க விரும்பாத வானம்.

அதனால் விமானங்கள் துருக்கி, கருங்கடல், அஜர்பைஜான் என்று வடக்குப் பக்கமாக ஒரு வழியையோ, அரபிக்கடல், அரபுத் தீபகற்பம் என்று தெற்குப் பக்கமாக ஒரு வழியையோ அன்றன்றைய நிலைமையைப் பொறுத்துத் தேர்ந்தெடுக்கின்றன. தெற்கு வழி, பள்ளி வரைபடத்தில் அடிக்கோலால் கிழித்த கோட்டுக்கு ஓரளவு அருகிலேயே போகிறது என்பதைக் கவனியுங்கள். அதுவும் எப்போதும் திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது. 2025 ஜூன் 13 அன்று இஸ்ரேல் ஈரானைத் தாக்கியபோது ஈராக், ஜோர்டான் வான்வெளிகள் ஒரே நாளில் மூடப்பட்டன. விமானங்கள் சவூதி, எகிப்து என்று இன்னும் தெற்கே இறங்கிச் சுற்றின. பறப்பதற்கு முன் பாதையைத் தீர்மானிக்கிறவர்கள் குறைந்த தூரத்தை மட்டும் பார்ப்பதில்லை. எந்த வழியில் எதிர்க்காற்று குறைவு, எந்த நாட்டு வானத்தைக் கடக்க எவ்வளவு கட்டணம், வழியில் அவசரமாக இறங்க எந்த விமான நிலையம் இருக்கிறது என்றெல்லாம் பார்த்துத்தான் அன்றைய பாதையை முடிவு செய்கிறார்கள். ஒரே விமானம் அடுத்தடுத்த இரண்டு நாள்களில் இருநூறு கிலோமீட்டர் வேறுபட்ட பாதைகளில் போவது சாதாரணம்.

காற்றைப் பற்றிச் சொல்லாவிட்டால், போகும் நேரத்துக்கும் வரும் நேரத்துக்கும் உள்ள வேறுபாடு விளங்காது. பலர் இதைப் பூமியின் சுழற்சி என்று நினைக்கிறார்கள்: பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது, ஆகவே மேற்கே போகிறவருக்கு ஊர் எதிரே வரும், சீக்கிரம் போய்விடலாம் என்பது அவர்களுடைய தர்க்கம். அது சரியாக இருந்தால் லண்டன் போவதுதான் விரைவாக இருக்க வேண்டும். நடைமுறை நேர்மாறாக இருக்கிறது. பூமி சுழலும்போது அதன் காற்றும் கூடவே சுழல்கிறது. விமானம் அந்தக் காற்றுக்குள் பறக்கிறது. முக்கியமானது, அந்தக் காற்று தரையை ஒப்பிட எப்படி நகர்கிறது என்பதே. விமானங்கள் பறக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், வட இந்தியா முதல் ஐரோப்பா வரையுள்ள அட்சரேகைகளில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஜெட் காற்றோட்டம் என்னும் வலுவான காற்று ஓடுகிறது. குளிர்காலத்தில் அது இன்னும் வலுக்கும். அதன் நடுப்பகுதியில் மணிக்கு 180 கிலோமீட்டருக்கு மேல் போவதும் உண்டு. லண்டன் போகும் விமானம் அதை எதிர்த்துப் போகிறது. சென்னை வரும் விமானம் அதன் முதுகில் ஏறி வருகிறது.

இருக்கைக்கு எதிரே உள்ள திரையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வரைபடத்தை எடுத்தால் உயரம், வெளி வெப்பநிலை, தரை வேகம் என்று எண்கள் மாறி மாறி வரும். ஒரு ஜனவரியில் லண்டன் போகும்போது துருக்கிக்கு மேலே தரை வேகம் 780 என்று காட்டியதைக் குறித்து வைத்தேன். மூன்று வாரம் கழித்து, இருட்டில், ஏறக்குறைய அதே இடத்தில் திரும்பி வரும்போது 1,020 என்று காட்டியது. இரண்டு முறையும் இயந்திரங்கள் ஒரே உழைப்பைத்தான் உழைத்தன. காற்றை ஒப்பிட விமானத்தின் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டருக்கு அருகிலேயேதான் இருந்தது. இப்போது கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்ப்போம். அன்றைய சுற்றுப் பாதை 8,700 கிலோமீட்டர் என்றும், வழி முழுவதற்கும் சராசரியாக மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று என்றும் வைத்துக்கொள்வோம். போகும்போது 860 கிலோமீட்டர் வேகத்தில் 10 மணி 7 நிமிடம். வரும்போது 940 கிலோமீட்டர் வேகத்தில் 9 மணி 15 நிமிடம். ஐம்பது நிமிட வேறுபாடு இவ்வளவு எளிய காற்றிலேயே வந்துவிடுகிறது.

சீட்டின்படி வரும் 11, 10 மணி நேரங்களில் இவை போக மீதியுள்ள ஏறக்குறைய முக்கால் மணி நேரம் தரையிலும் லண்டன் வானத்திலும் கழிவது. அட்டவணையில் எழுதும் நேரம், வாயிலில் நிற்கும் விமானத்தின் சக்கரத்துக்கு அடியில் வைத்திருக்கும் கட்டையை எடுத்து நகரத் தொடங்கும் கணத்திலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை வைக்கும் கணம் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, ஏறும்போதும் இறங்கும்போதும் மெதுவாகப் பறப்பது எல்லாம் அதில் அடக்கம். ஹீத்ரோவில் இரண்டே ஓடுபாதைகள். நாள் முழுக்கக் கூட்டம். வரும் விமானங்களை போவிங்டன், லாம்போர்ன், ஒக்கம், பிகின் ஹில் என்ற நான்கு இடங்களுக்கு மேலே அடுக்கடுக்காக வட்டமிட வைத்து, ஒவ்வொன்றாகக் கீழே இறக்குகிறார்கள். உங்கள் அம்மாவின் விமானம் லண்டனை நெருங்கியும் பத்து நிமிடம் சுற்றிக்கொண்டிருந்தால் அவர் பதற வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். நிறுவனங்கள் இந்தத் தாமதத்தை முன்கூட்டியே அட்டவணையில் சேர்த்துவிடுகின்றன. அதனால்தான் சில நாள்களில் தாமதமாகக் கிளம்பிய விமானமும் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்கிறது. இன்னொன்று: மேற்குக் காற்று வீசும் நாள்களில், ஆண்டின் பெரும்பகுதி அதுதான், விமானம் கிழக்கிலிருந்து நகரத்தின் மீது வந்து இறங்கும். வலப்பக்கச் சன்னல் இருக்கை கிடைத்தால் தேம்ஸ் நதியையும் அதன் பாலங்களையும் அவர் மேலிருந்தே பார்த்துவிடலாம்.

நேரடி விமானத்தை விட்டுவிட்டு வேறு வழியில் போகலாமா என்றும் ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். சென்னையிலிருந்து துபாய் 2,930 கிலோமீட்டர். துபாயிலிருந்து லண்டன் 5,500 கிலோமீட்டர். இரண்டும் சேர்ந்து 8,430. குறுகிய வழியைவிட 200 கிலோமீட்டர் மட்டுமே அதிகம். டெல்லி வழியாகப் போனால் 8,490. கொழும்பு வழி மட்டும் முதலில் தெற்கே போய்த் திரும்புவதால் 9,360 வரை போகிறது. ஆகவே இடையில் இறங்கிப் போவதில் தூரம் ஒரு பொருட்டே இல்லை. நேரத்தைத் தின்பது இரண்டாவது முறை இறங்கி ஏறுவதும், அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பதும். காத்திருப்பு இரண்டு மணி நேரம் என்றாலும் மொத்தம் 13 மணி நேரத்தைத் தாண்டிவிடும். கட்டணம் குறைவாக இருக்கலாம். ஆங்கிலம் பேசத் தயங்குகிற, முழங்கால் வலியுள்ள அம்மாவைத் தனியாக அனுப்புவதாக இருந்தால் அந்த மிச்சத்தை நான் விரும்பமாட்டேன்.

ஒரு பழைய கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 1929 மார்ச் 30 அன்று லண்டனிலிருந்து கராச்சிக்கு முதல் முறையான விமானச் சேவை தொடங்கியபோது பயணம் ஒரு வாரம் பிடித்தது. நடுவில் சுவிட்சர்லாந்தின் பேசலிலிருந்து இத்தாலியின் ஜெனோவா வரை பயணிகள் ரயிலில் போக வேண்டியிருந்தது. அந்தச் சேவையில் கராச்சி வந்த அஞ்சல் பைகளைத்தான் 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா சிறு விமானத்தில் ஏற்றி, அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து அவருடைய கூட்டாளியும் விமானியுமான நெவில் வின்சென்ட் அவற்றைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு ஓட்டி வந்தார். கராச்சியிலிருந்து சென்னை வரை லண்டன் கடிதம் வான்வழியாக முறையாக வரத் தொடங்கியது அப்போதுதான்.

கடைசியாக நடைமுறை விஷயம். லண்டனில் அழைத்துப் போக வருகிறவரிடம் சீட்டில் உள்ள 12 மணி என்ற நேரத்தையே சொல்லுங்கள். விமான எண்ணையும் கொடுத்துவிட்டால் அன்று காலையிலேயே அது எங்கே பறக்கிறது, எப்போது இறங்கும் என்று அவரே கைப்பேசியில் பார்த்துக்கொள்வார். குடியேற்றச் சோதனையும் பெட்டி எடுப்பதும் முடிந்து அம்மா வெளியே வர ஒரு மணி நேரத்துக்கு மேலாகலாம். நவம்பரில் திரும்பும்போது தேதியைக் கவனியுங்கள். சீட்டில் போட்டிருக்கும் தேதி லண்டனில் புறப்படும் நாள். மீனம்பாக்கத்துக்கு நீங்கள் போக வேண்டியது அதற்கு மறுநாள் விடியற்காலை. பின்காற்று பலமாக இருந்தால் 4.45-க்குப் பதில் 4.20-க்கே இறங்கிவிடவும் கூடும்.